சித்திரையில் எல்லாமே பாதை

முதலிலேயே பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. எது யாரென்று திடமாகச் சொல்ல வராது. அச்சுக்குக் கோர்ப்பவர்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளட்டும்.

மஸ்கட்டுக்கு வெளியே ஒரு பெரிய வீட்டில் தோட்ட வேலை. இங்கே எனக்கு இன்னும் பழகாத ஒன்று உண்டு. மதிலுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் ஆளில்லாத மணல். மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரே அறையில் எட்டுப் பேர். ஒருவர் புரண்டு படுத்தால் மேல்கட்டில்காரர் என்னவென்று கேட்பார். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. ஆளே வராத இடத்தில் இரண்டு ஏக்கர் வாங்கி, யாருக்கும் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் இங்கே வந்த நாளிலிருந்து என் ஆசை.

ஒருநாள் அர்பாபிடம், அதாவது முதலாளியிடம், ஊரில் நிலம் வாங்கப்போவதாகச் சொன்னேன். "மாய்?" என்று கேட்டார். தண்ணீர் உண்டா என்று அர்த்தம். "மாஃபி" என்றேன், இல்லை. ரோடு? மாஃபி. பக்கத்தில் ஆட்கள்? அதற்கும் மாஃபி, சற்றுப் பெருமையாகவே சொன்னேன். அவர் மதிலுக்கு வெளியே இருந்த மணலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாரோ என்னை ஏமாற்றுவதாக நினைத்துவிட்டார் போல. தோளைத் தட்டி, ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்து அனுப்பினார்.

போன சித்திரை விடுப்பில் தரகர் செண்பகராஜ் அண்ணாச்சி விளாத்திகுளத்துக்கும் பசுவந்தனைக்கும் நடுவே ஓரிடத்தைக் காட்டினார். மோட்டார் சைக்கிளில் போனோம். பின்னால் இன்னொரு வண்டியில் என் மனைவி பேச்சியம்மாளும் அவள் தம்பியும். ரோட்டை விட்டு இறங்கி, அறுவடை முடிந்து வெடித்துக் கிடந்த கரிசலில் நேராக விட்டார். அங்கே போய் நின்றால் ஒரு வீடு தெரியவில்லை. ஒரு குரல் கேட்கவில்லை. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

பேச்சியம்மாள் நாலு பக்கமும் பார்த்தாள். "பாதை எங்க அண்ணாச்சி?"

"எல்லாமே பாதைதானம்மா. இப்பம் வந்தோம்லா?"

"இப்பம் வந்தோம். புரட்டாசியில விதைச்ச பொறவு?"

"நடுவுல நாலு பேரு நிலம். கேட்டா விடுவாவ, நல்ல மனுசங்க."

அவள் என்னைக் காட்டிச் சிரித்தாள். "இவியளா கேப்பாவ? பஸ்ஸுல மீதிச் சில்லறையே கேக்காம எறங்குதவிய!"

கரிசலில் பிறந்தவனுக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும், மறந்திருந்தது. இத்தனை வருஷமாக எனக்கு விடுப்பு சித்திரையில்தான். நான் வரும்போதெல்லாம் வெள்ளாமை இல்லை, வேலி இல்லை, கால் போன பக்கமெல்லாம் வழி. என் ஊருக்குக் கோடை என்ற ஒரே காலம்தான் உண்டென்று மனது பழகிவிட்டது. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நிலம் எவ்வளவு ஒதுக்கமோ, அவ்வளவு பேர் நிலத்தைத் தாண்ட வேண்டும். அவ்வளவு பேரிடம் பேச வேண்டும்.

பாதை இல்லாமல் முன்பணம் கிடையாது என்று பேச்சியம்மாள் சொல்லிவிட்டாள். மூன்று வீட்டில் அவளே பேசி முடித்தாள். ரோட்டோரத்து நிலக்காரர் வேலுச்சாமி அண்ணாச்சி வீட்டு வாசலில் என்னை முன்னால் தள்ளிவிட்டாள். அவர் மிளகாய் வத்தலைப் பரப்பிக்கொண்டிருந்தார். அந்த நெடியில் எனக்குத் தும்மல்தான் வந்தது, பேச்சு வரவில்லை. விஷயத்தை அவரே புரிந்துகொண்டு கேட்டார்.

"எப்பம் எப்பம் வருவீய?"

"சித்திரையில... லீவுக்கு."

"சித்திரையில வாறவருக்கு எதுக்குவே பாதை? ஆடு நடக்கலியா, நீரும் நடந்துட்டுப் போரும்!"

வீட்டிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். "ஒருநாளு ஐப்பசியிலயும் வருவேன்" என்று வந்துவிட்டது. அதுவும் சத்தமாக. பேச்சியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் வத்தலைக் கீழே போட்டார். "அப்பம் ஓரமா ஒத்தையடி விட்டு விதைக்கேன். ஆனா மழையில கால்தடம் விழணும். ஆள் நடக்கலன்னா அடுத்த உழவுல அதையும் சேத்து உழுதுருவேன். பொறவு வருத்தப்படக் கூடாது."

நிலம் வாங்கியாயிற்று. மழையும் இறங்கிவிட்டது. வாரம் தவறாமல் பேச்சியம்மாள் அந்த ஓரத்தில் நடந்து போய்த் திரும்புகிறாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. வழி அழியாமல் இருக்க நடக்கிறாள், எனக்குப் பதிலாக. இன்று போனில் படம் காட்டிக்கொண்டே நடந்தாள். இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு உளுந்து. நடுவில் அவள் பாதம் மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் கரிசல் மண் அப்பி, செருப்புப் போட்டது போலக் கனத்தது.

"பாத்தீயளா, தூக்க முடியல" என்று மூச்சு வாங்கினாள்.

ஒரு தூறலும் இல்லாத ஊரில், துடைத்து வைத்த டைல்ஸ் தரையில் கால் ஊன்றி, கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சற்றுக் கழித்துத்தான் கவனித்தேன்: மண் ஒட்டிவிடக் கூடாதென்று என் இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கி வைத்திருந்தேன்.

ஐப்பசி பதினெட்டு, மஸ்கட்.