படம் எடுக்கக் காத்திருந்த நாற்காலி

சேவைச் சங்கத்தில் அவரை எல்லோரும் ‘மடல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் உறுப்பினர் பட்டியலில் எங்கோ இருக்கிறது, அதைத் தேடிப் பார்க்கும் அவசியம் யாருக்கும் வந்ததில்லை. பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து வில்லை தேய்ப்பார். மாலையில் சங்கத்தின் மாத மடலைத் தயார் செய்வார். எட்டுப் பக்கம், நானூறு பிரதி. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மாதம்கூட நின்றதில்லை. கண் பரிசோதனை முகாம், இரத்த தானம், பள்ளிக்கு மின்விசிறி, உறுப்பினர்களின் பிறந்தநாள் வாழ்த்து என்று ஒன்று விடாமல் அவர் கையெழுத்தில்தான் அச்சகத்துக்குப் போகும்.

அந்த மடலில் ஒரு கூத்து உண்டு. சங்கத்தின் கூட்டம் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. உதவிப் பொருட்களை அந்த மேடையில் வைத்துத்தான் கொடுப்பார்கள். அதே மேடையில் மடலும் வெளியாகும். அந்த மடலுக்குள்ளே அந்தக் கூட்டத்தின் செய்தியே அச்சாகியிருக்கும்! முன்பு தலைவராக இருந்த ஒருவர், பதவி முடிகிற நாளில் தன்னுடைய பிரிவு உபசாரத்தை அன்றைக்கே அச்சில் பார்த்தாக வேண்டும் என்று அடம்பிடித்தார். நம்மவரும் ‘கண்கலங்க விடைபெற்றார்’ என்று எழுதிக் கொடுத்தார். அந்த மனிதர் கண்ணும் கலங்கவில்லை ஒன்றும் இல்லை, கேக்கை வெட்டித் தின்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். ஆனால் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

அன்று முதல், நடக்கப்போவதை எல்லாம் நடந்து முடிந்ததாக எழுதி இருபதாம் தேதிக்குள் அச்சகத்தில் சேர்த்துவிடுவார். ‘திரளானோர் கலந்துகொண்டனர்.’ ‘பயனாளிகள் நெகிழ்ச்சியுடன் நன்றி கூறினர்.’ படம் மட்டும் அடுத்த மாதம் வரும். நெகிழாதவர்களும் அவர் மடலில் நெகிழ்ந்தார்கள். ஒரு தடவை முகாமே ரத்தாகிவிட்டது, மடலில் மட்டும் தொண்ணூற்றிரண்டு பேர் பயனடைந்திருந்தார்கள். ஒருவர் வாயைத் திறந்து கேட்கவில்லை. படித்தால்தானே கேட்பதற்கு!

எழுத்து விடாமல் படித்த ஆத்மா ஒன்றே ஒன்று, அவருடைய அக்கா. பதினொரு வயது மூத்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் மேசைக்கு வேலைக்குப் போய்த் தம்பியைப் படிக்க வைத்தவர். இருபத்தாறு வருடம் அந்த மேசைதான். தனக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளத் தோன்றவில்லையா, இல்லை நேரம் இல்லையா, தெரியாது. தம்பிக்கும் கல்யாணம் கூடி வரவில்லை. கீழ்த்தளத்தில் இரண்டே அறையில் அக்காவும் தம்பியும், காலையில் ஒருவருக்கொருவர் தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டு, மாலையில் மடலின் பிழைகளுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள்.

அக்காவுக்கு ஒரே ஒரு தோழி. அதே மேசையில் எதிரே நின்று பொட்டலம் கட்டியவர். இயந்திர இரைச்சலில் தோழிக்குக் காது அடியோடு போய்விட்டது. தொலைபேசி அவருக்கு வெறும் பிளாஸ்டிக் கட்டை. ஓய்வு பெற்ற பிறகு, ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, தொழிற்சாலைக்கு எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சில் இருவரும் சந்திப்பார்கள். தோழி ஊரின் மறுகோடியிலிருந்து பேருந்து பிடித்து வருவார், அக்கா நடந்து போவார். ஒருவர் உதட்டசைவை ஒருவர் பார்த்துப் பார்த்து மூன்று மணி நேரம் பேசுவார்கள். அப்படி என்னதான் பேசுவார்கள் என்று தம்பி கேட்டால், “உன் தலையைத்தான் உருட்டுவோம்” என்பார் அக்கா.

பதினான்கு மாதத்துக்கு முன்பு அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் குழறினாலும் மிஞ்சியது. கட்டில் போட்ட அறையில் ஒரு ஜன்னல்தான், அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவரும் ஒரு கழிவுநீர்க் குழாயும் தெரியும். தெரு தெரியாது. தோழி பார்க்க வரட்டுமா என்று கடிதம் எழுதிக் கேட்டார். அக்கா முடியவே முடியாது என்றுவிட்டார்.

“இருபத்தாறு வருஷம் அவ எதிர்ல நின்னவ நான். படுத்த படுக்கையா அவ என்னைப் பாக்க வேண்டாம். நான் உக்காந்துக்கறேன், அப்புறம் வரச் சொல்லு.”

“தூக்கிட்டுப் போறேன்க்கா. பத்து நிமிஷ நடைதானே?”

“நான் என்ன மாவு மூட்டையாடா?”

தோழிக்கும் ரோஷம் உண்டு. கூப்பிட்டால் வருகிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார். மாதா மாதம் மடல் மட்டும் அவர் விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்கா கட்டளை அது.

சங்கத்தில் சக்கர நாற்காலிக்குப் பெயர் கொடுத்து, வரிசையில் காத்திருந்து, அக்காவின் முறை வந்தது. ஆறாம் தேதி, புதுக் கருக்கு மாறாத நாற்காலி ஒன்று அட்டைப் பெட்டியில் வந்து இறங்கியது. பொருளறைச் சாவி மடலிடம்தான் இருந்தது. பெட்டியைப் பிரித்து, சக்கரங்களை மாட்டி, தானே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தார். டயர் கடை வைத்திருக்கும் இப்போதைய தலைவர் நல்ல மனிதர். சக்கரத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “காத்தெல்லாம் சரியா இருக்கு. இப்பவே எடுத்துட்டுப் போங்க மடல், கூட்டத்துக்கு இன்னும் மூணு வாரம் கிடக்கு” என்றார்.

நம்மவர் தலையாட்டினாரா? இல்லை. நாலு வருடத்துக்கு முன்பு ஒரு உறுப்பினர் தன் மாமியாருக்காகச் சங்கத்துக் கட்டில் ஒன்றைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துப் போய்விட்டார். பேச்சு நாறிப்போயிற்று. அப்போது எழுந்து நின்று, ‘மேடையில் கொடுத்துப் படம் எடுக்காமல் ஒரு பொருளும் வாசல் தாண்டக் கூடாது’ என்று விதி போட்டவரே இவர்தான். மடலில் கட்டம் கட்டிப் போட்டவரும் இவர்தான்.

“வேண்டாங்க. என் வீட்டுக்குன்னா நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. இருபத்தெட்டாம் தேதி மேடையிலயே வாங்கிக்கறோம்.”

“யாரு பேசப் போறா? நான் சொல்றேன், எடுத்துட்டுப் போங்க.”

“விதின்னா எல்லாருக்கும் விதிதாங்க.”

இந்த இடத்தில் அவர் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது. நேர்மைதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்த நேர்மையில் கொஞ்சம் சபைக்கான பவுடர் பூச்சும் இருந்தது. சொந்த அக்காவுக்கே விதியை வளைக்காதவர் என்று நாலு பேர் சொல்லக் கேட்கும் ஆசை இருந்தது. பொருளறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். “பதினாலு மாசம் கிடந்தாச்சு. இன்னும் மூணு வாரம்தானே? கிடக்கறேன். உன் பேரு கெட வேண்டாம்” என்றார்.

பத்தொன்பதாம் தேதி மாலை மடலின் கடைசிப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தார். கட்டிலிலிருந்து அக்கா கேட்டார். “என்னைப் பத்தி என்ன எழுதியிருக்க? படி.”

அவர் படித்தார். “ஓய்வுபெற்ற ரொட்டித் தொழிற்சாலை ஊழியர் ஒருவருக்குச் சக்கர நாற்காலி வழங்கப்பட்டது. அதைப் பெற்றுக்கொண்ட பயனாளி நெகிழ்ச்சியுடன் நன்றி கூறினார்.”

“நெகிழ்ச்சியாவது மண்ணாவது! எல்லாருக்கும் போடறதையே எனக்கும் போடறியா? அடிச்சுட்டு வேற எழுது. பதினான்கு மாதங்களுக்குப் பிறகு தெருவில் சென்று, வெயிலில் அமர்ந்து, பழைய தோழியைக் காணும் மகிழ்ச்சியில் இருக்கிறார்னு எழுது.”

“இன்னும் நடக்கலையேக்கா.”

“நீ என்னைக்கு நடந்ததை எழுதியிருக்க?” அக்கா சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. “அப்படியே போடு. மடலைப் பாத்தாலே அவளுக்குப் புரிஞ்சிடும். தனியாக் கடுதாசி எழுத வேண்டாம். முதல் சனிக்கிழமை பெஞ்சுக்கு வந்துடுவா.”

அப்படியே எழுதினார். அக்காவின் பெயரையும் சேர்த்தே எழுதினார். மறுநாள் அச்சகத்தில் கொடுத்தார். வெளியே போக வேண்டிய பிரதிகளை அச்சகத்துக்காரர்களே இருபத்திரண்டாம் தேதி தபாலில் சேர்த்துவிட்டார்கள். அக்கா தன் பழைய கான்வாஸ் காலணியை எடுத்துத் துவைத்துக் காய வைக்கச் சொன்னார். நகம் வெட்டிவிடச் சொன்னார். தம்பி செய்தார்.

இருபத்துநான்காம் தேதி காலை ஆறரை மணிக்கு, அவர் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள், அக்கா போய்விட்டார். இரண்டாவது தடவை வந்த பக்கவாதம். மருத்துவர் வந்து பார்த்து, வலி தெரிந்திருக்காது என்றார். எல்லோருக்கும் சொல்கிற வார்த்தைதான், எல்லோரையும்போல அவரும் அதைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் கொதித்துக் கொதித்து வற்றிப் பாத்திரம் கருகிய வாடை அடித்த பிறகுதான் அடுப்பை அணைத்தார்.

இருபத்தெட்டாம் தேதி கூட்டத்துக்குப் போனார். போகாமல் இருக்கலாம், ஆனால் அந்த இரண்டு அறைக்குள் இருக்க முடியவில்லை. எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். மடல் கட்டுகளைப் பிரிக்காமலே ஓரமாக வைத்தார்கள். நாற்காலி வரிசையில் அடுத்து இருந்தவருக்குப் போயிற்று. ஆறேழு பேர் ஆளுக்கொரு கையால் அதைத் தொட்டுக்கொண்டு நிற்கப் படம் எடுத்தார்கள். தலைவர் அவர் பக்கத்தில் வந்து நின்று, தோளைத் தொட்டுவிட்டுப் போனார். ‘அன்னைக்கே சொன்னேனே’ என்று அவர் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

தோழிக்கு எழுத வேண்டும். தினமும் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடம் ஊரார் நன்மை தீமைகளை எட்டுப் பக்கத்துக்கு எழுதித் தள்ளிய கை, விலாசத்தைத் தாண்டி நகரவில்லை. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று ஒன்பது நாள் போயிற்று.

முதல் சனிக்கிழமை பிற்பகல் கதவு தட்டப்பட்டது. திறந்தார். கையில் மடலைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தோழி நின்றிருந்தார். வெயிலில் முகம் சிவந்திருந்தது.

“எங்கே அவ? ஒன்றரை மணி நேரமா பெஞ்சுல உக்காந்திருக்கேன்!” காது கேட்காதவர்களின் உரத்த குரல். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. “நாற்காலி கிடைச்சதும் பெரிய மகாராணி ஆயிட்டாளா? வெளியே வரச் சொல்லு. நான் தள்ளிட்டுப் போறேன், அதுக்குத்தான் வந்தேன்.”

“அக்கா இறந்துட்டாங்க” என்றார். அழுகையில் கோணிப்போன அவர் உதட்டைத் தோழியால் படிக்க முடியவில்லை. என்ன, என்ன என்று முகத்தை அருகே கொண்டுவந்தார். வேறு வழி இல்லை. உள்ளே போய்ப் பேனாவும் காகிதமும் எடுத்து வந்து, நின்றபடியே எழுதிக் கொடுத்தார். ‘அக்கா போன மாதம் இருபத்துநான்காம் தேதி காலையில் இறந்துவிட்டார்.’

தோழி அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு மடலைப் பிரித்து, விரலை வைத்துக் காட்டினார்.

“வெயில்ல உக்காந்தான்னு போட்டிருக்கே தம்பி? சந்தோஷமா இருக்கான்னு போட்டிருக்கே? இது நடந்ததுதானே?”

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“ஏன்? நாற்காலி வரலையா?”

வரவில்லை என்று எழுதிவிடலாம். தாமதம் என்று எழுதிவிடலாம். அந்த மாதிரி எழுதுவது அவருக்கு ஒன்றும் புதிதில்லை, இந்தக் கிழவி யாரிடம் போய் விசாரிக்கப் போகிறாள்? பேனா காகிதத்தின் மேல் நின்றது. ‘வந்தது’ என்று எழுதினார்.

“எப்ப வந்தது?”

‘ஆறாம் தேதி’ என்று எழுதினார்.

தோழி காகிதத்தை வாங்கி இரண்டு தேதிகளையும் பார்த்தார். பொட்டலம் கட்டித் தடித்துப்போன விரல்களை மடக்கி மடக்கி எண்ணினார்.

“பதினெட்டு நாள் இருந்திருக்கே தம்பி” என்றார், தெருவுக்கே கேட்கும்படி.