எதைக் கேட்டாலும் ஒட்டுப்பால்!

ரப்பர் விலை படுத்துக் கிடந்த முப்பதுகளின் தொடக்கம் அது. மலாக்காவில், ரெம்பியாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். ஒருநாள் காலையில், கத்தியும் கையுமாக மரத்தடியில் நின்றவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வலது கையும் காலும் விழுந்துபோயின. ஆஸ்பத்திரியில் கிடந்து, கம்பை ஊன்றி நடக்கிற அளவுக்குத் தேறி வீட்டுக்கு வந்தார். கால் வந்தது, பேச்சு வரவில்லை. வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரே ஒரு சொல் வந்தது: ஒட்டுப்பால்.

மரத்தில் வெட்டிய கோட்டில் வழிந்து, காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் பாலைத்தான் அப்படிச் சொல்வோம். மறுநாள் வெட்டும் முன் அதை உரித்துக் கூடையில் போட வேண்டும். உலகத்தில் இத்தனை சொல் இருக்க, சாமி பேர் இருக்க, பெண்டாட்டி பேர் இருக்க, மனுஷனுக்கு மிஞ்சியது அந்த நாற்றம் பிடித்த ஒட்டுப்பால்தான். பசிக்கிறதா என்றால் ஒட்டுப்பால். தலை வலிக்கிறதா என்றாலும் ஒட்டுப்பால். பார்க்க வந்த கங்காணியை இடது கையைத் தூக்கிக் கும்பிட்டு, வெகு மரியாதையாக ஒட்டுப்பால் என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சிரிக்கிற காலமும் இல்லை அது. வேலை செய்ய முடியாதவர்களை எல்லாம் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்துக்கு ஒரு காவல் ஆள் வேண்டியிருந்தது. உட்கார்ந்து செய்யும் வேலை, இவருக்குப் போதும். ஆனால் தன் பேரைச் சொல்லத் தெரியாதவனைக் காவலுக்கு வைக்க முடியாது என்று வெள்ளைக்காரத் தொரை சொல்லிவிட்டார். அடுத்த சம்பளத்துக்குள், காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டில் வந்து தன் பேரைச் சொன்னால் வேலை, இல்லையென்றால் கப்பல். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஊரில் ஒரு சாண் நிலம் இல்லை, வா என்று சொல்ல ஒரு நாதி இல்லை. கை விழுந்த மனுஷனைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் இறங்கினால் பிச்சைதான் எடுக்க வேண்டும்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெஸர்தான் இந்தப் பயிற்சிக் கதையை ஆரம்பித்து வைத்தார்.

“நாக்குல ஒண்ணும் இல்லம்மா. மூளையில பேச்சு இருக்கிற எடம் அடிபட்டுப்போச்சு. கைகாலுக்குப் பயிற்சி குடுக்கிற மாதிரி அதுக்கும் குடுக்கணும். ஒரு சாமானக் காட்டு, பேர மெதுவா சொல்லு, ஒன் வாயப் பாத்து அவரும் சொல்லட்டும். மொதல்ல அவரு பேரு. தெனமும் சொல்லிக் குடு.”

“யாரு, நானா?”

“பின்ன, நானா வந்து ஒக்காந்து சொல்றது?”

சுலபமாகச் சொல்லிவிட்டார். டிரெஸருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கட்டின புருஷன் பேரை வாயால் சொல்வதா? தாலி ஏறிய நாள் முதல் அந்த எழுத்துகளே என் வாயில் வந்ததில்லை. யாராவது கேட்டால், முருகன் கையில் ஓர் ஆயுதம் இருக்குமே, அந்தப் பேர்தான் என்று சொல்லிச் சமாளிப்பேன். இங்கேயும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், பாருங்கள்.

சரி, மற்றச் சாமான்களில் ஆரம்பிப்போம் என்று உப்பைக் காட்டினேன், தீப்பெட்டியைக் காட்டினேன். பால் வெட்டிவிட்டு வந்து, முதுகு விண்டு போகிற நேரத்தில், எதிரே உட்கார்ந்து உ...ப்...பு என்று வாயைக் குவித்துக் குவித்துச் சொல்வேன். அவரும் என் வாயையே பார்த்துத் தானும் வாயைக் குவிப்பார். வரப்போகிறது, வரப்போகிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். கடைசியில் ஒட்டுப்பால் என்பார்.

பேருக்கு என்ன செய்வது? சுவரில் முருகன் படம் இருந்தது. அந்த ஆயுதத்தை விரலால் தொட்டு, “இது என்ன, சொல்லுங்க” என்றேன். மனுஷன் பக்தியோடு விபூதி எடுத்துப் பூசிக்கொண்டார். விறகுக் குச்சியால் தரையில் வரைந்து காட்டினேன். அவர் குச்சியை வாங்கி அடுப்பில் செருகினார். பக்கத்து வீட்டு அண்ணனைக் கெஞ்சி, வந்து சொல்லிக்கொடுக்கச் சொன்னேன். அவர், செவிடனிடம் கத்துவதுபோல இவர் காதில் பேரைச் சொல்லிக் கத்திவிட்டு, தொண்டை காய்ந்துவிட்டது என்று கள்ளுக்கடைக்குப் போனார். பிறகு வரவே இல்லை.

சம்பளம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம், வெயிலில் வந்து நுழைந்ததும் நுழையாததுமாக, “ஒட்டுப்பால்!” என்றார். தண்ணீர் கொடுத்தேன். தலையை ஆட்டி, “ஒட்டுப்பால்!” என்றார். கஞ்சி, வெற்றிலை, போர்வை, விசிறி என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நீட்டினேன். எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். கஞ்சி தரையெல்லாம் கொட்டியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் தாலியும் மறந்தது, தலையும் மறந்தது. அவர் பேரைச் சொல்லி, “உங்களுக்கு என்னதான் வேணும்? என் உசுரா?” என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் சிவந்தது. கம்பைத் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

“ஏன்டி! பேரச் சொல்றியா?”

தெளிவாக, முழுசாக, ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வாயைப் பிளந்து பார்த்தோம். நான் கஞ்சியிலேயே உட்கார்ந்து அழுதேன். கடைசிவரை அவருக்கு என்ன வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

“கோவத்துல வர்ற பேச்சு வேற வழியில வரும். விடாத, தெனமும் சொல்லு” என்றார் டிரெஸர். பக்கத்து வீட்டு அக்கா வேறு மாதிரி சொன்னாள்.

“புருசன் பேரச் சொன்னா அவரு ஆயுசு கொறையுமேடி!”

“கப்பல்ல ஏத்திவிட்டா மட்டும் கூடுமாக்கா?” என்றேன்.

ஆனால் பாருங்கள், என் தலைவிதியை. நான் பேரைச் சொன்னால் திட்டு வருகிறது, பேர் வரவில்லை. காலையும் மாலையும் மானத்தை விட்டுப் பேரைச் சொல்கிறேன், காலையும் மாலையும் ‘ஏன்டி’ வாங்கிக்கொள்கிறேன். உப்பு வந்துவிட்டது, தண்ணி வந்துவிட்டது. எது வேண்டுமோ அது மட்டும் வரவில்லை. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

தொரை வைத்த கெடு நாள் வந்தது. விடியுமுன் பெரட்டில், விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கணக்கெழுதும் கிராணி நின்றார், பக்கத்தில் தொரை. ஆண்கள் வரிசையிலிருந்து இவரை முன்னால் கூப்பிட்டார்கள்.

“பேரு என்ன, சொல்லு.”

இவர் வாய் கோணியது. “ஒட்டு...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அது தப்பு என்று அவருக்கே தெரிந்தது. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தொரை கிராணியிடம் ஏதோ சொல்லித் திரும்பினார். அவ்வளவுதான், கப்பல் என்று நினைத்தேன்.

பெண்கள் வரிசையிலிருந்து, தோட்டமே கேட்க, அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

கம்பை ஊன்றிச் சடாரென்று திரும்பினார். “நாலு பேரு முன்னால என்னய...” என்று தொடங்கி, தன் பேரைத் தானே முழுசாகச் சொல்லி, “...ன்னு கூப்புடுவியாடி நீ?” என்று கத்தினார்.

பெண்கள் எல்லாரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தொரைக்குத் தமிழ் தெரியாது. பேர் காதில் விழுந்தது, கூடவே நாலு வார்த்தையும் விழுந்தது. என்ன சொல்கிறான் என்று கிராணியைக் கேட்டார். கிராணி முகத்தை மாற்றாமல் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். தொரை தலையாட்டிவிட்டுப் போனார். அன்று முதல் இவர் புகைக்கூடத்துக்குக் காவல்.

அதற்குப் பிறகு அவர் வெகுகாலம் இருந்தார். பாதிப் பேச்சு திரும்பியது. அவசரத்தில் மட்டும் ஒட்டுப்பால் வரும். பயிற்சியை நான் நிறுத்தவில்லை. தினமும் காலையில் நான் பேரைச் சொல்வேன், அவர் திட்டுவார், பிறகுதான் எங்கள் வீட்டில் அடுப்பே எரியும். இப்போது அவர் இல்லை. தனியாக இருக்கும்போது அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஆயிரம் தடவை சொன்னாலும் ‘ஏன்டி’ என்று கேட்க ஆளில்லாத வீட்டில், ஒருவர் நம்மைத் திட்டுவதற்குக்கூட எத்தனை கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான் திரும்பத் திரும்ப மனசில் படுகிறது.