செவந்தி பேக்கரி

அரிமளம் கடைத்தெருவில் செவந்தியைத் தெரியாத ஆளே கிடையாது. அவள் பேர் செவந்தி என்று தெரிந்த ஆள்தான் கிடையாது. பாசிமணிக் கூடையோடு அலைந்த காலமெல்லாம் ஊருக்கு அவள் 'ஏ குறத்தி'தான். அவளும் சிரித்தபடி தங்கள் பாஷையில் எதையோ சொல்லிவிட்டுப் போவாள். எனக்கும் நாலைந்து கிடைத்திருக்கிறது. அர்த்தம் கேட்டால், "நல்லா இருன்னு சொன்னேன் சாமி" என்பாள். நம்பினால் நான் மடையன்.

போன மாதம் என் டீக்கடைக்குப் பக்கத்தில், பாசிமணி விற்கச் சின்னதாக ஒரு கடை பிடித்தாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் இலக்கியா கறாராகச் சொல்லிவிட்டாள்: "போர்டுல குறத்தி, நரிக்குறவர்னு ஏதாச்சும் இருந்துச்சு, இந்தத் தெருப் பக்கமே வரமாட்டேன்."

செவந்திக்கும் அதே எண்ணம்தான். "குறவருன்னு வேற ஆளுங்க இருக்காங்க சாமி. அவங்க பேரு எங்களுக்கு எதுக்கு? நாங்க வாக்ரி" என்றாள். எந்தக் காலத்திலோ வடக்கேயிருந்து வந்தவர்கள். வந்த இடத்தில் நரி பிடித்தார்கள். நாம் பேர் வைத்துவிட்டோம். அவர்களுக்கென்று ஏற்கெனவே ஒரு பேர் இருக்குமே என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

புதுக்கோட்டை பஸ்ஸில் நின்றபடியே செவந்தி, பிளக்ஸ் அடிக்கும் திருமுருகனுக்குப் போன் போட்டு, "செவந்தி வாக்ரி" என்று கத்தியிருக்கிறாள். கடை திறக்கிற அன்று காலையில் போர்டு வந்தது: 'செவந்தி பேக்கரி'. ஓரத்தில் செர்ரி வைத்த கேக் படம் வேறு.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். செவந்தி சிரிக்கவில்லை. திருமுருகனைப் போனில் பிடித்து, பள்ளிக்கூடம் விடுவதற்குள் வேறு போர்டு வந்தாக வேண்டும் என்று உலுக்கி எடுத்துவிட்டாள்.

எதிர்த்த பிராய்லர் கடை குணசேகரனுக்குக் கொண்டாட்டம். "நரிக்குறவர் கடைன்னு போட்டிருந்தா இந்த வம்பு உண்டா?"

"நரி பிடிச்சா நரிக்குறவர். அப்ப நீங்க கோழிக்குறவருங்களா சாமி?"

தெருவே சிரித்தது. அவர் முகம் கறுத்துப்போய்க் கத்தியைத் தீட்ட உட்கார்ந்துவிட்டார்.

அன்று முழுக்க பப்ஸ் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "பேக்கரி இல்லைங்க, வாக்ரி. எங்க சனத்தோட பேரு" என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. டீ ஆற்றிக்கொண்டிருந்த எனக்கு அந்த வார்த்தை மனப்பாடம்.

சாயங்காலம் திருமுருகன் புது போர்டை மாட்டி முடிக்கவும், இலக்கியா வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அதிலும் தப்புக் கண்டுபிடிக்கலாம் என்று குணசேகரன் ரோட்டைத் தாண்டி வந்தார். அண்ணாந்து பார்த்து எழுத்துக் கூட்டினார்.

"செவந்தி... வாக்... ரி... வாக்ரி."

செவந்தி மகளைத் தோளோடு இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"எம்மவ கேக்கணும் சாமி. இன்னொரு வாட்டி சத்தமா வாசிங்க."