எடிட்டர் அக்கா வைத்த திருஷ்டிப் பொட்டு

எடிட்டர் அக்காவின் அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதைப் பதினெட்டு வருஷமாக, உள்ளே வருகிறவர்களின் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். பெண் கேட்டு வந்தவர்கள் எப்போதோ ஓய்ந்துவிட்டார்கள். பேச்சுத்துணை என்றால் டைரக்டர் ஒருவர்தான். அவருடைய விண்வெளிப் படத்தின் முதல் இரண்டு பாகங்களையும் வெட்டி ஒட்டியவர் அக்கா.

மூன்றாம் பாகத்தின் முடிவில், விண்கலத்தில் மிஞ்சிய ஒருத்தி நாலு நிமிஷம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பாள்.

"இந்த நாலு நிமிஷத்துக்காகத்தான்க்கா மூணு படமும்" என்பார் டைரக்டர்.

ஆனால் ஒப்பந்தப்படி எதை வெட்டுவது என்ற கடைசி முடிவு, பணம் போடும் கம்பெனியுடையது. அவர்களுக்கோ எதையாவது தூக்கினால்தான் வேலை பார்த்த திருப்தி. அதனால் அவர்களுக்குக் காட்டும் பிரதியில், கண்ணை உறுத்துகிற மாதிரி ஒரு மட்டமான காட்சியை அக்கா வேண்டுமென்றே சொருகிவைப்பார். அதைத் தூக்கச் சொல்லிவிட்டு, மற்றதைத் தொடாமல் போய்விடுவார்கள். அதற்கு இருவரும் வைத்த பெயர் திருஷ்டிப் பொட்டு. இரண்டு பாகமும் அப்படித்தான் பிழைத்தன.

இந்த முறை அக்கா எடுத்தது, வெளிச்சம் சரிபார்க்கப் பிடித்த ஒரு துண்டு. ரோபோ ஒன்று பாத்திரம் கழுவுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அக்காவே அதற்குப் புலம்பல் குரல் கொடுத்தார்.

"வேணாம்க்கா. எனக்கே சிரிப்பு வருது. இன்னும் மட்டமா ஒண்ணு வைங்க."

"போடா, இதவிட மட்டமா வேணும்னா நீதான் போய் எடுத்துட்டு வரணும்."

கம்பெனிக்குப் போட்டுக் காட்டி விளக்கைப் போட்டபோது மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

"யாரு சார் அந்த ரோபோ? பின்னிட்டான்! நாலாவது பாகமே அவன வச்சுப் பண்ணலாம். கடைசியில அந்தப் பொண்ணு எழவு வீட்டு ஆள் மாதிரி உக்காந்திருக்குல்ல, அதத் தூக்கிட்டு இவனக் கொண்டாங்க."

"அது இருந்தாத்தான் சார் படம்."

"உங்க படம்தான் தலைவரே, யாரு இல்லேன்னா? எங்களுதும்கூட."

டைரக்டர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருக்கலாம். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா மாட்டேன் என்று எழுந்திருந்தால், முகம் தெரியாத யாரோ ஒருவர் ஒரு மணி நேரத்தில் வெட்டி எறிந்திருப்பார். அதனால் தானே உட்கார்ந்தார். ஆறு நாள், ஒவ்வொரு விநாடியாகக் கழற்றினார். பதினோரு விநாடி மிச்சம் இருந்தபோது கை நகரவில்லை.

"இது எதுக்கு மேடம், சும்மா?" என்றார் மேனேஜர்.

"ரோபோ வர்றதுக்கு முன்னாடி ஜனங்க மூச்சு விட வேணாமா சார்? அப்பத்தானே சிரிப்பு அள்ளும்."

மேனேஜர் தலையாட்டிவிட்டார்.

படம் வெளியான அன்று, அக்கா நாலாவது தடவை அழைத்தபோதுதான் டைரக்டர் போனை எடுத்தார்.

"பதினோரு செகண்ட் காப்பாத்தி வச்சிருக்கேன்டா."

"நான் பாக்க மாட்டேன்க்கா. நீங்க போய்ப் பாருங்க. அந்த நேரத்துல யாராச்சும் பேசுறாங்களான்னு மட்டும் சொல்லுங்க."

மறுநாள் பகல் காட்சிக்கு அக்கா தனியாகப் போனார். அந்த இடம் வந்தது. யாரும் பேசவில்லை. படம் முடிந்துவிட்டதென்று நினைத்து முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து, காலால் செருப்பைத் துழாவினார்கள்.

இருட்டிலேயே போனை எடுத்தார். யாரும் பேசல என்று எழுதினார். கீழே, ரெண்டு பேர் எந்திரிச்சாங்க என்று எழுதினார். இரண்டாவது வரியை அழித்துவிட்டு அனுப்பினார்.