பிரியாணி மணத்த சிகரெட்

நேற்று பல்வலிக்குக் கிராம்புத் தைலம் தொட்டு வைத்தேன். மணம் மூக்கில் ஏறியதும், திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த லாட்ஜின் மாடி அறையும், அன்று அங்கிருந்த நான்கு பேரும் கண்முன் வந்துவிட்டார்கள்: சென்னையிலிருந்து வந்த சிகரெட் கம்பெனி அதிகாரி, என் சூப்பர்வைசர் அருளப்பன் சார், எரியோட்டில் பெட்டிக்கடை வைத்திருந்த சுப்பையா அண்ணன், கதவோரம் நான்.

எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அருளப்பன் சார் வாங்கிக் கொடுத்த வேலை அது. கம்பெனி புது சிகரெட் ஒன்று கொண்டுவரப் போகிறது; எந்தக் கலவை எடுபடும் என்று தெரிய வேண்டும். பெயர் அச்சிடாத வெள்ளைப் பெட்டிகளில் ஏ, பி என்று இரண்டு வகை. கடை கடையாகப் போய், புகைப்பவர்களுக்கு இரண்டையும் கொடுத்து, எது பிடித்தது என்று எழுதி வர வேண்டும். நான் புகைத்ததில்லை. ஒழுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். விரலைச் சுட்டுவிடுமோ என்ற பயம்.

அது ஐப்பசி. எங்கள் வீடு ஒழுகும். சரக்கு நமுத்துவிடுமே என்று எனக்கு உறக்கமில்லை. ஏ பெட்டிகளைப் பாலித்தீனில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். பி பெட்டிகளுக்கு, பிரியாணிக் கடை நடத்திய மச்சானிடம் இறுக்கமான மூடி போட்ட தகர டப்பா ஒன்று வாங்கினேன். அதில் வருஷக்கணக்காகப் பட்டையும் கிராம்பும் கிடந்ததை நான் பெரிதாக எண்ணவில்லை.

போன இடமெல்லாம் பி-யைத்தான் கேட்டார்கள். அதிகாரிக்கு ஏக மகிழ்ச்சி. பி-க்கே பெட்டி அச்சடிக்கச் சொல்லிச் சென்னைக்குப் பேசுமுன், ஒரு கடைக்காரர் வாயால் கேட்க ஆசைப்பட்டார்.

"இழுத்தா பிரியாணி தின்ன மாதிரி இருக்கு சார்," என்றார் சுப்பையா அண்ணன். "தொட்டுக்க வெஞ்சனம் ஒண்ணுதான் கொறை."

அதிகாரி சிரித்தார். எனக்கு அந்தத் தகர டப்பா ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டால் வேலை பிழைக்கும். ஆனால் கடைக்கு வரப்போகும் சிகரெட்டில் அந்த மணம் இருக்காது. பழி அருளப்பன் சார் தலையில் விழும். சொன்னாலோ, வேலை போய், தை மாதம் தங்கச்சி கல்யாணம் நின்றுபோகும்.

"சார், அது எங்க மச்சான் கடை மசாலா டப்பா வாசம் சார்."

அதிகாரி பேனாவை மூடினார். "இவன யாரு வேலைக்கு வச்சது?"

"நாந்தான் சார். டப்பாவுல வைக்கச் சொன்னதும் நாந்தான்," என்றார் அருளப்பன் சார். பச்சைப் பொய். அந்த டப்பாவை அவர் பார்த்ததுகூட இல்லை.

படியிறங்கும்போது சொன்னார்: "ஏலே, ஒன்னயப் பயந்தாங்கொள்ளின்னுல்ல நெனச்சேன்."

"அதேதான் சார்."

"தெரியுது, கால் இன்னும் ஆடுது. செத்த நேரம் உக்காரு."

மறுபடியும் முதலிலிருந்து சோதனை. அதற்கான பஸ் செலவைக் கம்பெனி தர மறுத்தது. அருளப்பன் சார் தன் சட்டைப் பையிலிருந்து கொடுத்தார். "சம்பளத்துல குடு, போ." இந்த முறை ஏ ஜெயித்து, மஞ்சள் பட்டையும் பெயருமாகக் கடைகளுக்கு வந்தது. தங்கச்சி கல்யாணமும் நடந்தது.

இன்று சிகரெட் பெட்டியில் போடும் புற்றுநோய்ப் படத்தைப் பார்த்தால், எத்தனை பேருக்கு நீட்டினோம் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அந்தச் சரக்குக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. அந்த மனிதருக்குச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

அந்த சிகரெட் இப்போது இல்லை. பற்றவைத்துக்கொள்ள சுப்பையா அண்ணன் கடையில் புகைந்தபடி தொங்கிய கயிறும் இல்லை. லாட்ஜ் இருந்த இடத்தில் செல்போன் கடை. சம்பள நாளுக்கு முன்பே அருளப்பன் சாரை வெளிமாநிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். விலாசம் கேட்டால் தொந்தரவாக நினைப்பாரோ என்று தயங்கியே விட்டுவிட்டேன். அவருக்கு நான் தர வேண்டியது முப்பத்திரண்டு ரூபாய்.