கள் வாசமடித்த மாவு

காரமான பன் என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு அதுவரை தெரியாது. மலேசியாவில், எங்கள் பக்கத்தில் பன் என்றால் உள்ளே காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் இருக்கும், இல்லாவிட்டால் சீனி போட்டு வதக்கிய தேங்காய்ப்பூ இருக்கும். சிரம்பானில் நான் வேலை செய்யும் கிளினிக்கில் என்னோடு முகப்பில் உட்காருகிற அக்கா ஒருவர் பக்கத்து ஊரான மந்தினில் குடியிருக்கிறார். ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது தேநீரோடு ஒரு தட்டு பன் கொண்டுவந்து வைத்தார். பிட்டுப் பார்த்தால் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் மாவோடு மாவாகக் கலந்து கிடந்தன. அவ்வளவையும் சுமந்துகொண்டு அது எப்படிப் பஞ்சு மாதிரி இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

"ஒன்னும் பெரிய வேல இல்லலா. ஈஸ்ட் போட்டுப் பெசஞ்சு மூடி வெச்சிரு. மிச்சத்த அது பாத்துக்கும்" என்றார்.

அது என்றால் எது? வீடு திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

நாங்கள் இருப்பது ரந்தாவுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில். அங்குள்ள எண்ணெய் ஆலையில், பழம் ஏற்றி வரும் லோரிகளை நிறுக்கும் இடத்தில் என் கணவருக்கு வேலை. மாமனாரும் எங்களோடுதான் இருக்கிறார். அது ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில் பால் வெட்டியவர். குடியை விட்டு வெகு காலமாகிறது. நான் மருமகளாக வந்தபோதே கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டு, வாசலில் விழுந்த இலையைக் கூட்டிக்கொண்டு, அதிகம் பேசாத மனிதராகத்தான் இருந்தார். அதற்கு முந்திய கதையைக் கணவரிடம் கேட்டால், "குடிச்சாரு, விட்டுட்டாரு" என்று அதோடு முடித்துவிடுவார்.

முதல் தடவை தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி ஈஸ்டைக் கொன்றுவிட்டேன். பன் கல்லாக வந்தது. கோழிகள்கூடக் கொத்திப் பார்த்துவிட்டு விலகிப் போயின. அடுத்த சனிக்கிழமை, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, சீனி கரைத்து, ஈஸ்டைத் தூவிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடியிலிருந்து ஒரு கொப்புளம் எழுந்து வந்து உடைந்தது. அதன் பின்னால் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் குவளை முழுக்க நுரை. மீன் தொட்டியைப் பார்க்கிற பிள்ளை மாதிரி அடுப்படியில் நகராமல் நின்றுவிட்டேன்.

பிசைந்த மாவைப் பேசினில் போட்டு, ஈரத்துணியால் மூடி, வெயில் விழுகிற பின்கதவுப் பக்கம் வைத்தேன். திரும்பிப் பார்த்தால் மாமனார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பேசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காற்றுக்கு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அதற்கடுத்த சனிக்கிழமையும் மாவை மூடி வைத்த கொஞ்ச நேரத்தில் நாற்காலி வந்துவிட்டது. மாவு பொங்கும் வரைக்கும் இருப்பார். நான் அதை எடுத்து உருண்டை பிடிக்க ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவர் அப்படி வந்து உட்கார்ந்த மூன்றாவது சனிக்கிழமைதான் அது நடந்தது. அன்று கணவருக்குப் பாதி நாள் வேலை. நான் முன்வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் மோட்டார் சைக்கிளைப் பின்பக்கம் நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தது சத்தத்தில் தெரிந்தது. அடுத்து அவர் குரல்தான் கேட்டது.

"எங்க வாங்குனீங்க?"

"என்னாது?" மாமனார் தூக்கக் கலக்கத்தில் கேட்டார்.

"என்னாதா? வீடே நாறுது! இந்த வயசுல திரும்ப ஆரம்பிச்சிட்டீங்களா?"

துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். மாமனார் நாற்காலியில் அப்படியே இருந்தார், கண் சிவந்து. தூங்கி எழுந்த சிவப்புதான், ஆனால் பார்ப்பவருக்கு அப்படித் தோன்றாது. கணவர் அடுப்படியில் தேடிக்கொண்டிருந்தார். கண்டபடி தேடவில்லை. கேஸ் தோம்புக்குப் பின்னால் கையை விட்டார். தண்ணீர் டிரம்முக்கும் சுவருக்கும் இடையில் பார்த்தார். அரிசி டின்னைத் திறந்து முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினார். எங்கெங்கே தேட வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருடம் அவர் எனக்குச் சொல்லாத கதையை அப்போதுதான் பார்த்தேன்.

"என்னங்க, அது மாவுங்க!" என்று கத்தினேன்.

அவர் காதில் விழவில்லை. பேசின் மேலிருந்த துணியை இழுத்தேன். மாவு விளிம்பு வரை பொங்கி நின்றது. குப்பென்று வாசம் எழுந்தது. உண்மையிலேயே கள் வாசம்தான். கணவர் கையெல்லாம் அரிசி ஒட்டியிருக்க, பக்கத்தில் வந்து குனிந்து மோந்தார். விரலால் ஒரு குத்து குத்தினார். குழி விழுந்து, மெல்ல மெல்ல மேலே வந்தது.

"இதுவா?"

"இதுதான்."

அவர் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கை சுத்தமான பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார்.

நான்தான் கேட்டேன். "மாமா, நீங்க ஏன் சனிக்கிழமை சனிக்கிழமை இங்க வந்து உக்காருறீங்க?"

மாமனார் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "வாசம் நல்லாருக்கும்மா. குடிக்கணும்னு ஒன்னும் தோணல, சத்தியமா. அந்த வாசம் மட்டும் புடிக்கும். அதுக்குன்னு கள்ளுக்கடப்பக்கம் போயி நின்னா பாக்குறவன் என்னா பேசுவான்? இங்கன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான்னு நெனச்சேன்."

"அதான் கேட்டுட்டேனே" என்றார் கணவர், திரும்பாமலே. பிறகு குழாயை மூடினார். "ரெண்டும் ஒன்னா? கள்ளும் இதுவும்?"

எனக்கும் அது புதிதாகத் தெரிந்துகொண்ட விஷயம்தான். போனில் தேடிப் படித்திருந்தேன். இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர் ஒன்று இனிப்பைத் தின்று காற்றை விடுகிறது, கூடவே கொஞ்சம் சாராயமும் ஊறுகிறது, சூட்டில் அது போய்விடும் என்று சொன்னேன்.

"அப்ப ஓவன்ல வெச்சா அந்த உசுரும் செத்துருமா?" மாமனார் கேட்டார்.

"ஆமா மாமா."

"அடப்பாவமே" என்றார், நிஜமாகவே வருத்தப்பட்டு.

கணவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. வெங்காயக் கூடையை எடுத்துவைத்து உரிக்க ஆரம்பித்தார். துண்டு துண்டாகத் தடியாக நறுக்கினார். அதை அப்படியே வாங்கிக்கொண்டேன். சீரகம் தாளித்து, அதோடு மிளகாயும் கறிவேப்பிலையும் வதக்கி, ஆறவைத்து மாவில் கலந்தேன். அன்று மாமனார் எழுந்து போகவில்லை. மூவரும் உருண்டை பிடித்தோம். அவர் பிடித்ததெல்லாம் கோழி முட்டை அளவு, கணவர் பிடித்ததெல்லாம் தேங்காய் அளவு. எல்லாம் ஒரே தட்டில் வெந்தன, சின்னதெல்லாம் கருகின.

சூடாகத் தின்றுகொண்டிருக்கும்போது மாமனார் மெதுவாகக் கேட்டார். "அரிசி டின்னுல வெக்கிறது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பவே தெரியும்பா. சின்னப் பையனா இருக்கறப்பவே. பாதிய கீழ ஊத்திட்டுத் தண்ணி கலந்து திரும்ப வெச்சிருவேன்."

மாமனார் மெல்லுவதை நிறுத்தினார். "நீயாடா அது?"

"நான்தான்."

"நான் கள்ளுக்கடக்காரன்கிட்ட போயி சண்ட போட்டேன்டா! தண்ணி ஊத்தி விக்கிறியான்னு சட்டையப் புடிச்சிட்டேன். அவன் சாமி மேல சத்தியம் பண்ணுனான். நான் நம்பல."

வாயில் பன்னோடு சிரித்ததில் கணவருக்குப் புரையேறிவிட்டது. மாமனார் அவர் முதுகில் தட்டிக்கொண்டே தானும் சிரித்தார். பிறகு தட்டுவது தடவுவதாக மாறி, கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. நான் தேநீர் கலக்கப் போனேன்.