இருபது அடி மானியக் கிணறு

சர்க்கார் காகிதம் என்றாலே சீனித்தாய் கையால் தொடமாட்டாள். சின்ன வயதில் அப்பன் நிலத்தையும் வீட்டுப் பாத்திரங்களையும் தண்டோரா போட்டு ஜப்தி செய்ததைப் பார்த்தவள். அப்படிப்பட்டவள்தான் 1946-இல், எங்கிருந்து தைரியம் வந்ததோ, கிணற்று மானியத்துக்குக் கைநாட்டு வைத்தாள்.

புருஷன் தாணுலிங்கம் தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். மாதம் ஒருமுறை வருவான். திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலிலிருந்து ஒரு மைலில் கிடந்த இரண்டு ஏக்கரும் இரண்டு பிள்ளைகளும் அவள் பொறுப்பு. ரேஷன் அரிசி பாதி வாரத்துக்குக்கூடக் காணாது. தானியம் பயிரிட்டால் கிணற்றுச் செலவில் பாதியைச் சர்க்கார் தரும் என்றார்கள். முன்பணமும் கொடுத்தார்கள். கிணறு இருபது அடி ஆழம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்பணத்துக்கு நிலம் ஜப்தி.

பதினாலாவது அடியிலேயே தண்ணீர் வந்துவிட்டது. குடித்துப் பார்த்தால் அப்படி ஒரு இனிப்பு. சீனித்தாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. கிணறு வெட்டிய அய்யாக்குட்டிதான் சிரிக்கவில்லை.

"ஏளா சீனி, இதோட நிறுத்திருவோம். கடக்கரைப் பூமி. நல்ல தண்ணி மேலதான் நிக்கும், அடியில பூரா உப்பு. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணாச்சி. காயிதத்துல இருபதுன்னுல்லா போட்டிருக்கு."

"காயிதமா தண்ணி குடிக்கப் போவுது?"

நிறுத்தினார்கள். அந்தத் தண்ணீரில் கம்பு முழங்கால் உயரம் வந்தது. பிள்ளைகள் தினமும் போய்க் கதிர் வந்துவிட்டதா என்று பார்த்தார்கள். அப்போதுதான் தலையாரி வந்து, வெள்ளிக்கிழமை கிணற்றைப் பார்க்க ஆபீசர் வருகிறார் என்று சொல்லிவிட்டுப் போனான். செவ்வாய்க்கிழமை தானே போய் அய்யாக்குட்டியைக் கூட்டிவந்தாள்.

இறைத்து இறைத்து வெட்டினார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். பதினாறு, நல்ல தண்ணீர். பதினெட்டு, அதுவும் நல்ல தண்ணீர். புதன்கிழமை மத்தியானம் அய்யாக்குட்டி மண்வெட்டியை வெளியே எறிந்துவிட்டு மேலே வந்தார்.

"பத்தொம்பது ஆச்சு. சாமி புண்ணியத்துல தப்பிச்சுட்டோம். இன்னும் ஒரு அடிய எவன் பாக்கப் போறான்?"

"டேப்பு வச்சு அளப்பாவ அண்ணாச்சி. வெட்டுங்க."

யாராக இருந்தாலும் பத்தொன்பதில் நிறுத்தியிருப்பார்கள். நானும் நிறுத்தியிருப்பேன். ஆனால் நம் வீட்டு உலைப்பானையை எவனும் தெருவில் வைத்து ஏலம் போட்டதில்லையே. அவள் அதைப் பார்த்தவள்.

இருபதாவது அடியில் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. சீனித்தாய் நாக்கில் வைத்தாள். பிறகு அய்யாக்குட்டியின் முகத்தைப் பார்த்தாள். அவர் களிமண் அள்ளக் கூடையை எடுத்தார். வியாழக்கிழமை முழுக்கக் களிமண்ணைச் சுமந்துவந்து கொட்டி மிதித்துப் பார்த்தார்கள். திறந்த உப்பு அடைபடவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபீசர் கிருபாநிதி சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு வந்தார். நாசரேத்துக்காரர், நல்ல மனுஷன். வியர்வையைத் துடைத்துக்கொண்டே கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"எத்தனை அடிம்மா?"

"இருபது அடி இருக்கு ஐயா."

"டேப்பை ஆபீஸ்லயே மறந்து வச்சுட்டு வந்துட்டேன். பரவாயில்ல, நீங்க சொன்னாச் சரிதான்." இருபது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடுங்கம்மா."

வீட்டில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த நல்ல தண்ணீர் ஒரு குடம் இருந்தது. சீனித்தாய் வீட்டுக்குள் போகவில்லை. கிணற்றில் ஓலைப்பட்டையை இறக்கி, மொண்டு, செம்பில் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினாள்.

ஒரு வாய் குடித்தவர் அப்படியே துப்பினார்.

"என்னம்மா இது, இப்படிக் கரிக்குது?"

"இருபது அடி இருக்கு ஐயா," என்றாள் சீனித்தாய்.